சேவ் ஆச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லித் தொலையுங்கள்

டேட்டா என்ட்ரி வேலை எனக்கு. ஒரு ரெக்கார்டின் ஃபார்மில் 47 கட்டம். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். இன்று ஒரே ரெக்கார்டை மூன்று முறை அடித்தேன். மூன்றாவது தடவை அந்த மனிதரின் அப்பா பெயர், பிறந்த தேதி, கதவு எண் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு எரிச்சலில் இருக்கிறேன், முழுசாகக் கொட்டாமல் எனக்கு ஆறாது.

போன வாரம் ஃபார்மை மாற்றிவிட்டார்கள். பழையது பார்க்க நன்றாக இருக்காதுதான். ஆனால் திறந்தால் அடிக்கலாம். புதியதில் ரெக்கார்டைத் திறந்ததும் கட்டங்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று, சுற்றிக் கோடு போட்டு, "வா, அடி" என்று கூப்பிடுவதுபோல் இருக்கின்றன. பழைய டேட்டாபேஸிலிருந்து ஏற்றிய ரெக்கார்டு அது. பெயரும் ஊரும் மட்டும் வந்திருக்கும், மீதியைக் காகிதத்தைப் பார்த்து நாங்கள் நிரப்ப வேண்டும். ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து தப்பு. க்ளிக் செய்து அடித்தேன். எதுவும் விழவில்லை. மறுபடியும் அடித்தேன். கீபோர்டு வயரைப் பிடுங்கிச் செருகினேன். பக்கத்து சீட் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, மேல எடிட் அமுக்கணும்க்கா" என்றாள்.

மேலே என்றால் எங்கே? வலது மூலையில், லாக்அவுட்டுக்குப் பக்கத்தில், வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிப் பென்சில். அதற்குக் கீழே ஒரு எழுத்து கிடையாது. என் கண்ணும் கையும் இடது பக்கம் ஊர்ப் பெயரில் இருக்கின்றன. வேலையைத் தொடங்கும் பட்டனைத் திரையின் மறு கோடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். சரி, அமுக்கினேன். பக்கம் முழுக்க மறுபடி லோடாகி உச்சியில் போய் நின்றது. கர்சர் எந்தக் கட்டத்திலும் இல்லை. திரையில் ஒரு மாற்றமும் இல்லை. அதே வெள்ளை, அதே கோடு. இப்போது வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறேனா, திருத்திக்கொண்டிருக்கிறேனா? அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

தெரியாமல் கைபட்டு எதையாவது மாற்றிவிடக் கூடாது என்பதற்காக எடிட் பட்டன் வைப்பது நியாயம்தான். அதை நான் எதிர்க்கவே இல்லை. அப்படியென்றால் பார்க்கும்போது கட்டமே வேண்டாம், வெறும் எழுத்தாகக் காட்டு. எடிட் அமுக்கியதும் கட்டம் வரட்டும், மேலே பட்டையாக "திருத்துகிறீர்கள்" என்று எழுதி வரட்டும், நான் எந்த இடத்தைத் தொட்டேனோ அங்கேயே கர்சர் நிற்கட்டும். இது என்ன புதுக் கண்டுபிடிப்பா? லாரி டெஸ்லர் என்று ஒருவர் இருந்தார். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) என்ற கணினி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். நாம் நாள் முழுக்கச் செய்யும் கட், காப்பி, பேஸ்ட் அவரும் கூட இருந்தவர்களும் கொடுத்தது. ஒரே விசை ஒரு நேரம் ஒன்று செய்து, இன்னொரு நேரம் வேறொன்று செய்தால் மனிதர் தடுமாறத்தான் செய்வார் என்று கடைசிவரை வாதாடினார். அப்படி மாறுகிற நிலைக்குத்தான் மோட் என்று பெயர். கார் நம்பர் பிளேட்டிலேயே "நோ மோட்ஸ்" என்று போட்டுக்கொண்டு சுற்றினார். 2020இல் இறந்தும் போய்விட்டார். அவர் அவ்வளவு காலம் தொண்டை கிழியக் கத்தியது, ஃபார்ம் போடுகிறவர்கள் காதில் ஏறவே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அடிக்க ஆரம்பித்தேன். காகிதம் பழசு, மை மங்கிப்போய் இருந்தது. "3"ஆ "8"ஆ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துப் பார்த்து அடித்தேன். ஃபார்மை மூன்று டேப்பாக, அதாவது மூன்று பக்கமாகப் பிரித்திருக்கிறார்கள், மொத்தம் 47 கட்டம். இப்படிப்பட்ட காகிதத்துக்கு அரைமணி நேரம் ஆகத்தான் செய்யும். முடித்துவிட்டுக் கீழே போனால் சேவ் பட்டன் மங்கிக் கிடக்கிறது. அமுக்கினால் அசையவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கோ ஏதோ தப்பு என்று நானே ஊகித்துக்கொண்டு முதல் டேப்பிலிருந்து ஒவ்வொரு கட்டமாகத் தேடினேன். இரண்டாவது டேப்பில், போன் நம்பர் நடுவில் ஒரு இடைவெளி விட்டிருந்தேன். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு இடைவெளி! அதைத் தானாக நீக்கிக்கொள்வதற்குப் புரோகிராமில் ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத ஒருவருக்குச் சோம்பல், அதற்காகப் பட்டனை முடக்கிவிட்டு என்னை டேப் டேப்பாக அலைய விட்டிருக்கிறார்கள். பட்டனை ஒருபோதும் முடக்காதீர்கள். அமுக்க விடுங்கள். அமுக்கியதும் "இரண்டாவது டேப், போன் நம்பரைப் பாருங்கள்" என்று சொல்லி அங்கேயே கூட்டிப் போங்கள்.

இடைவெளியை எடுத்தேன். சேவ் பளிச்சென்று வந்தது. அமுக்கினேன். வட்டம் சுற்றியது. சுற்றி முடித்ததும் லாகின் பக்கம் வந்து நின்றது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த வேலை பார்க்கிற எல்லாருக்கும் அந்த நொடி தெரியும். நடுக்கத்தோடு பாஸ்வேர்டு அடித்து உள்ளே போனேன். முகப்புப் பக்கம். ரெக்கார்டைத் தேடித் திறந்தேன். பெயரும் ஊரும் மட்டும். ஊர்ப் பெயரில் அதே எழுத்துப் பிழை. அரைமணி நேரம் காற்றோடு போய்விட்டது.

சப்போர்ட்டுக்கு போன் போட்டேன். "மேடம், சிஸ்டத்தை சும்மா விட்டுட்டு எழுந்து போனீங்களா? செஷன் டைம்அவுட் ஆகியிருக்கும்" என்றார். எழுந்து போனேனா? நாற்காலியை விட்டு அசையாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் அடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துச் சும்மா இருந்தாயா என்று கேட்கிறார்.

விஷயம் என்னவென்றால், நாம் கட்டத்தில் அடிப்பதெல்லாம் நம் பிரவுசரில்தான் நிற்கிறது. ரெக்கார்டுகளை வைத்திருக்கிற சர்வர் கணினிக்கு அது தெரியவே தெரியாது. சேவ் அமுக்கிப் போகிற செய்திதான் அதற்குக் கேட்கும். அதுவரை நான் செத்துக் கிடக்கிறேனா, விரல் தேய அடிக்கிறேனா என்று அதற்குத் தெரியாது; கடைசியாகச் சத்தம் கேட்ட நேரத்திலிருந்து எண்ணிக்கொண்டே இருக்கும். கணக்கு முடிந்தால் ஆள் இல்லை என்று வெளியே தள்ளிவிடும், அதுதான் செஷன் டைம்அவுட். இப்படிப்பட்ட ஃபார்ம்களைக் கட்டப் பயன்படுகிற பிஎச்பியில், யாரும் மாற்றாவிட்டால் அந்தக் கணக்கு 1440 விநாடி, அதாவது 24 நிமிஷம். அதே வேலைக்கான ஏஎஸ்பி டாட் நெட்டில் 20 நிமிஷம். அரைமணி நேரம் பிடிக்கிற ஃபார்மைக் கட்டிவிட்டு, அதற்கு 20 நிமிஷ ஆயுள் கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதியவர் அந்த 47 கட்டத்தை ஒரே ஒரு தடவை தன் கையால் நிரப்பிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நிரப்பிப் பார்க்கவில்லை. நான் சத்தியம் செய்கிறேன், பார்க்கவில்லை. பெயரில் "ஏஏஏ", ஊரில் "பிபிபி" என்று போட்டு சேவ் அமுக்கிப் பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

வழி இல்லாமலா இருக்கிறது? அடிக்க அடிக்க பிரவுசரிலேயே வரைவாகச் சேர்த்து வைக்கலாம். சில நிமிஷத்துக்கு ஒருமுறை சர்வருக்கு "ஆள் இருக்கிறார்" என்று ஒரு தட்டு தட்டலாம். நேரம் முடியப் போகிறது, நீட்டிக்கவா என்று கேட்கலாம். இணையத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி, மாற்றுத்திறனாளிகளும் தடையில்லாமல் பயன்படுத்துவதற்காக 2008இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டியிலேயே இதை எழுதி வைத்திருக்கிறது: நேரம் முடியும் முன்பு எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடியாவது கொடுக்க வேண்டும், செஷன் முடிந்து மறுபடி லாகின் செய்தாலும் பாதியில் விட்ட வேலை, அடித்தது எதுவும் போகாமல் தொடர வேண்டும். முதலாவது அடிப்படை விதி. இரண்டாவதை உச்சநிலை விதி என்று வைத்துவிட்டார்கள். கட்டாயமில்லை என்று தெரிந்தால் நம் ஆட்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார்களா?

இரண்டாவது தடவை அடித்தேன். இந்த முறை 18 நிமிஷத்தில் முடித்துவிட்டேன், கை ஓடிய வேகம் அப்படி. சேவ் அமுக்கப் போனேன். சேவும் கேன்சலும் ஒட்டி ஒட்டி, ஒரே அளவில், ஒரே நீலத்தில். முதல் டேப்பில் சேவ் வலது பக்கம். கடைசி டேப்பில் இடது பக்கம். அவசரத்தில் கேன்சலில் கை விழுந்தது. உடனே ஒரு பெட்டி: "மாற்றங்களை ரத்து செய்யவா?" கீழே இரண்டு பட்டன். ஒன்று "சரி", இன்னொன்று "ரத்து".

எதை அமுக்குவீர்கள்? எனக்கு ரத்து வேண்டாம். அதனால் ரத்தைத் தொடாமல் சரியை அமுக்கினேன். 47 கட்டமும் போய்விட்டது. அந்த நேரத்தில் யாருக்கும் கை அங்கேதான் போகும். ரத்து செய்வதை ரத்து செய்ய ரத்தை அமுக்க வேண்டும் என்று யோசிக்க அரை நொடியில் யாரால் முடியும்? பிரவுசரே கொடுக்கிற அந்தப் பெட்டியில் பட்டன் எழுத்தை மாற்ற முடியாது. மாற்ற முடியாதென்றால் அதை எடுத்து இந்தக் கேள்விக்கு ஏன் வைக்கிறீர்கள்? சொந்தமாக ஒரு பெட்டி வைத்து "அடித்ததை அழித்துவிடு", "திரும்பி ஃபார்முக்குப் போ" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? இன்னும் ஒரு படி மேலே சொல்கிறேன், கேட்கவே வேண்டாம். கேன்சல் அமுக்கினால் அழித்துவிட்டு, "திரும்பக் கொண்டுவா" என்று ஒரு பட்டனை வையுங்கள். கைதவறியவள் பிழைத்துப் போவாள்.

நான் முதல் வேலையில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் அடித்தேன். 1992இல் வந்த மென்பொருள். அதிலும் ஒரு பென்சில் உண்டு. ஒரு எழுத்தை மாற்றியதும் அந்த வரிசையின் ஓரத்தில் அது வந்து உட்காரும்: இன்னும் சேவ் ஆகவில்லை என்று அர்த்தம். அடுத்த ரெக்கார்டுக்கு நகர்ந்தால் தானாகச் சேவ் ஆகும், பென்சில் போய்விடும். எஸ்கேப் ஒரு தடவை அமுக்கினால் அந்தக் கட்டம் மட்டும் பழையபடி; இன்னொரு தடவை அமுக்கினால் முழு ரெக்கார்டும் பழையபடி. ஒரே நாளில் கையில் பழகிவிட்டது. ஆரக்கிள் ஃபார்ம்ஸ் என்ற மென்பொருளிலும் வேலை பார்த்தேன். எஃப்10 தட்டினால் இத்தனை ரெக்கார்டு சேவ் ஆயிற்று என்று கீழ்வரியில் எண்ணிக்கையோடு சொல்லும். எதையும் மாற்றாமல் தட்டினால், சேமிக்க மாற்றம் எதுவும் இல்லை என்று அதையும் சொல்லும். அப்புறம் இத்தனை வருஷத்தில் எல்லாம் அழகாகிவிட்டது, இந்த ஒரு விஷயம் மட்டும் கெட்டுப்போய்விட்டது.

பக்கத்து சீட் பெண்ணுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நேற்று இருவரும் தெரியாமல் ஒரே ரெக்கார்டைத் திறந்திருக்கிறோம். அவள் முகவரியைத் திருத்திச் சேவ் செய்திருக்கிறாள். எனக்கு முன்னால் திறந்திருந்தது பழைய முகவரி. நான் வேறு எதையோ திருத்திச் சேவ் அமுக்கியதும் அவள் அடித்ததன் மேல் என்னுடையது ஏறி உட்கார்ந்துவிட்டது. இருவருக்கும் ஒரு எச்சரிக்கை வரவில்லை. மாலையில் திட்டு வாங்கியது அவள். ரெக்கார்டில் ஒரு பதிப்பு எண் வைத்து, சேவ் ஆகும்போது அது நடுவில் மாறியிருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. இந்த மாதிரி கடைசியில் சரிபார்க்கிற முறையைப் பற்றி எச். டி. குங், ஜான் ராபின்சன் என்ற கணினி ஆய்வாளர்கள் 1981லேயே எழுதிவிட்டார்கள். இன்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டியவர் நானில்லை.

மூன்றாவது தடவை நோட்பேடில் அடித்தேன். ஒவ்வொரு கட்டமாக எடுத்து ஒட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சேவ்தானா என்று இரண்டு முறை படித்து, அமுக்கினேன். வலது மூலையில் பச்சையாக ஏதோ மின்னியது, படிப்பதற்குள் போய்விட்டது. ஆச்சா? ஆகவில்லையா? ரெக்கார்டை மூடி, வெளியே போய், மறுபடி தேடி, திறந்து பார்த்தேன். இருந்தது. 47 கட்டமும் இருந்தது. ஊர்ப் பெயரும் சரியாக இருந்தது. பக்கத்து சீட் பெண்ணிடம் காட்டினேன், அவள் கை தட்டினாள். ஒரு ரெக்கார்டு சேவ் ஆனதற்குக் கை தட்டுகிற நிலைமைக்கு எங்களைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த ரெக்கார்டைத் திறந்தால் திரையை அடைத்துக்கொண்டு ஒரு அறிவிப்பு: பாஸ்வேர்டு வைத்து 90 நாள் ஆகிவிட்டது, உடனே மாற்று. குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை இப்படி மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 2017லேயே சொல்லிவிட்டது. இங்கே மாற்றாமல் உள்ளே விட மாட்டேன் என்கிறது. ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி, போன ஐந்தில் எதுவாகவும் இருக்கக் கூடாது. நோட்பேடில் ஒன்றை அடித்துக் கொண்டுவந்தால், அந்தக் கட்டத்தில் பேஸ்ட் செய்ய விடவில்லை. கையால்தான் அடிக்க வேண்டுமாம். அதுவும் இரண்டு தடவை.