கிராவிட்டி: கதை இல்லையா?
‘கிராவிட்டி’ ஆங்கிலப் படத்துக்கு எழுதிய விமர்சனத்தில், காட்சி பிரமாதம், கதைதான் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். விண்வெளியில் மாட்டிக்கொண்ட ஒரு பெண், மூச்சுக்காற்று தீர்வதற்குள் பூமிக்கு வந்து சேர வேண்டும். இதைவிட என்ன கதை வேண்டும்? சிதறிய செயற்கைக்கோள் துண்டுகள் விண்கலத்தைக் கிழிக்கும்போது வெடிச்சத்தமே கிடையாது. காற்றில்லாத இடத்தில் ஒலி ஏது? அவர் கை எதைத் தொடுகிறதோ அதன் அதிர்வு மட்டும் மந்தமாகக் கேட்கிறது, மீதி எல்லாம் இசை. ஸ்பீக்கர் கிழியும் படங்களுக்குப் பழகிய நம் காதுக்கு அதுவே கிலி.

குறை இல்லாமல் இல்லை. ஹப்பிள் தொலைநோக்கி சுமார் 500 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது, விண்வெளி நிலையம் சுமார் 400இல். பாதையின் சாய்வும் வேறு. படத்தில் வருகிற மாதிரி, முதுகில் மாட்டிய ஜெட்டை வைத்துக்கொண்டு ஹப்பிளிலிருந்து நிலையத்துக்கு வருவதெல்லாம் நடக்கிற காரியமா? அவர் அழும்போது கண்ணீர் மிதப்பதும் அப்படித்தான். எடையற்ற நிலையில் அது கண்ணிலேயே உருண்டையாய் ஒட்டிக்கொள்ளும். சரி, த்ரீடியில் அந்தத் துளி மூக்குக்கு நேரே வந்தபோது இதெல்லாம் யாருக்கு ஞாபகம் வந்தது!

அப்புறம், 2013இல் அண்ணா சாலைப் பக்கம் நான் பார்த்த தியேட்டரில் 91 நிமிடப் படத்துக்கும் இடைவேளை விட்டார்கள். நாயகி மூச்சுக்குத் தவிக்கும்போது விளக்கைப் போட்டு சமோசா விற்றால் எப்படி?