ஃபைலை வாங்கிக்கொள் என்றால் ஒப்பிக்கச் சொல்கிறது

ஏஐ ஏஜென்ட் (நாம் சொன்னதைக் கேட்டு டூல்களைத் தானே இயக்கும் ஏஐ) வழியாக சர்வர்லெஸ் ஃபங்ஷனை, அதாவது கூப்பிடும்போது மட்டும் கிளவுடில் ஓடும் சின்ன நிரலை, டிப்ளாய் செய்ய (மேலே ஏற்றி ஓடவிட) ஒரு டூல் கட்டிவிட்டிருக்கிறார்களே, அதைக் கட்டியவர்கள் ஒருநாளாவது அதை வைத்து உருப்படியாக வேலை பார்த்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

என் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. தோவாளைப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு, நாகர்கோவிலில் உட்கார்ந்து சின்னதாக ஓர் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். விடியும் முன்பே கடைப் பையன் அன்றைய ரேட்டை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவான். ஃபங்ஷன் அதைப் பிரித்துப் பட்டியலாக்கி, மார்த்தாண்டம், பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் பூ எடுக்கிறவர்களுக்கு அனுப்பும். இதற்காக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து 24 மணி நேரமும் ஓடவிடுவானேன்? கூப்பிட்டால் எழுந்து வேலையை முடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். 2014-இல் அமேசான் லாம்டா வந்ததிலிருந்து எல்லோரும் சர்வர்லெஸ்ஸைக் கொண்டாடுவது இதற்குத்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும் டூல் மேல்தான். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபியை (ஏஐ மாடல்கள் வெளி டூல்களோடு பேசுவதற்கான பொது நெறிமுறை) வெளியிட்டாலும் வெளியிட்டது, அப்புறம் ஆளாளுக்கு ஓர் எம்சிபி சர்வர். நான் காசு கட்டும் கிளவுட் நிறுவனமும் ஒன்றை இறக்கியது. ஏஜென்ட்டிடம் சொன்னால் போதுமாம், மற்றதை அது பார்த்துக்கொள்ளுமாம்.

எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று கேளுங்கள். ஃபங்ஷனின் கோட் உள்ள ஃபைல் என் லேப்டாப்பில் இருக்கிறது. டூல் எங்கோ ஒரு சர்வரில் ஓடுகிறது, என் டிஸ்க்கை அதனால் பார்க்க முடியாது. சரி, நியாயம். அதனால் ஃபைலில் உள்ள மொத்தத்தையும் டூல் அழைப்புக்குள்ளேயே எழுத்தாகப் போட்டு அனுப்ப வேண்டும். யார் எழுதுவது? ஏஜென்ட்டுக்குள் இருக்கும் ஏஐ மாடல்! ஒவ்வொரு டோக்கனாக (மாடல் வாசிக்கும், எழுதும் எழுத்துத் துண்டு), முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. ஒரே ஒரு வரியை மாற்றினாலும் மறுபடியும் முழுசையும். பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தாருங்கள் என்றால், வாங்கிப் படித்துவிட்டுக் கையால் திரும்ப எழுதி, "இதுவும் அதேதான் சார்" என்று நீட்டுகிற கடை எங்காவது உண்டா?

திரும்ப எழுதும் மாடலுக்குக் கை சும்மா இருக்காது, திருத்தத் தோன்றும். என் ஃபங்ஷனில் பூப்பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அவசரத்தில் பையன் எப்படியெல்லாம் தட்டுவானோ அத்தனையும் அதில் உண்டு. கிரேந்தி, கேந்தி, கிரந்தி. பிச்சி, பிச்சிப்பூ. கொழுந்து தனி, மரிக்கொழுந்து தனி. டிப்ளாய் செய்கிற போக்கில் ஏஜென்ட் 'கிரந்தி'யைப் பிழை என்று நினைத்தோ என்னவோ தூக்கிவிட்டது. கொழுந்தையும் மரிக்கொழுந்தையும் ஒன்றாக்கிவிட்டது. டிஸ்க்கில் ஃபைல் சுத்தமாக இருக்கிறது. ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. மேலே கிளவுடில் ஓடுவது மட்டும் வேறு. இதை எங்கே போய்த் தேடுவது?

இன்னொரு தடவை, பாதியிலேயே "மற்றவை முன்பு போலவே" என்று ஒரு கமென்ட்டைப் போட்டு முடித்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்டில் கமென்ட் ஒரு பிழை இல்லையே, டூலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. ரேட் வந்து விழுந்த பிறகுதான், அனுப்புகிற பகுதியையே காணோம் என்று லாக்கில் (ஃபங்ஷனின் பதிவேட்டில்) அலறுகிறது.

இதில் தமிழில் எழுதுகிறவனுக்குத் தனி வயிற்றெரிச்சல். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். 'பி' என்று போட்டால் பகரத்துக்கு 3, மேலே உள்ள கொக்கிக்கு 3. டோக்கனாக நறுக்கும்போதும் தமிழ் ஆங்கிலத்தைவிடப் பொடிப்பொடியாகத்தான் போகிறது. மாடல் வாசிக்கும் டோக்கனைவிட எழுதும் டோக்கனுக்குத்தான் பொதுவாக விலையும் கூடுதல். ஆக, என் ஃபைலை என்னிடமே ஒப்பிப்பதற்கு நான் காசு கொடுக்கிறேன்.

அப்புறம் அனுமதிச் சோதனை, ஃபங்ஷனைக் கூப்பிடுகிறவரிடம் நம் கணக்கின் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பது. வாட்ஸ்அப் வெப்ஹுக் (மெசேஜ் வந்ததும் வாட்ஸ்அப் நம் ஃபங்ஷனுக்கு அனுப்பும் அழைப்பு) அந்தச் சீட்டோடு வராது. அதனால் அந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் சோதனையை அணைத்துவிட்டு, வாட்ஸ்அப்பின் கையொப்பத்தை உள்ளே நாமே சரிபார்ப்போம். ஏஜென்ட் இதைக் குறிப்பிடாமல் டிப்ளாய் செய்தால், ஏற்கனவே என்ன இருந்தது என்றுகூடப் பார்க்காமல் டூல் சோதனையைத் திரும்பப் போட்டுவிடுகிறது. ஓணச் சமயம், சந்தையில் கால் வைக்க இடமில்லை, பூவெல்லாம் கேரளத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கென்று பார்த்து ஒரு மெசேஜும் போகவில்லை. லாக்கைத் திறந்தால் 401, 401, 401, அனுமதி இல்லையாம். போனில் அண்ணாச்சி: "என்ன மக்கா, ஒருத்தனுக்கும் ரேட்டு போகல்லியே? பாறசாலைக்காரன் போன் போட்டு ஒரே ஏச்சு." ஏஜென்ட்டைக் கேட்டால், டிப்ளாய் வெற்றியாம், நிலை ஆக்டிவாம். யாருக்கு வேண்டும் அந்த ஆக்டிவ்? வெற்றி என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

நிறுவனத்துக்கு எழுதினேன். ஏஜென்ட்டுக்கு இன்னும் தெளிவாக ப்ராம்ப்ட் கொடுங்கள் என்று பதில். ஒரு ஃபைலை அனுப்ப எதற்கய்யா கெஞ்ச வேண்டும்? டூல் ஒரு தற்காலிக அப்லோட் முகவரியைக் கொடுக்கட்டும், ஏஜென்ட் டெர்மினலிலிருந்து ஃபைலை நேராக அங்கே தள்ளட்டும். போய்ச் சேர்ந்ததன் ஹாஷை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) திருப்பித் தந்தால் டிஸ்க்கில் உள்ளதோடு ஒப்பிட ஒரு நொடி. கிளவுட் சேமிப்பகங்களில் இப்படிப்பட்ட முகவரி கொடுப்பது பழைய வழக்கம், புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

இப்போது அந்த டூலிடமிருந்து டிப்ளாய் அனுமதியைப் பிடுங்கிவிட்டு லாக் பார்க்க மட்டும் விட்டிருக்கிறேன். அதற்கு நல்ல டூல்தான், மறைப்பானேன். டிப்ளாய்க்கு ஏஜென்ட் டெர்மினலில் கட்டளை தட்டும் பழைய கமாண்ட் லைனைத்தான் ஓட்டுகிறது, ஃபைல் டிஸ்க்கிலிருந்து நேராகப் போகிறது. அந்த நிறுவனமோ இன்னமும் எனக்கு மெயில் மேல் மெயில் அனுப்புகிறது, கமாண்ட் லைனை மறந்துவிடுங்கள் என்று.