மவுத் ஆர்கன் வாங்கித் தருகிறவர்களுக்கு

"எனக்கு மூச்சு பத்தலை அத்தை" என்றாள் அண்ணன் மகள். மவுத் ஆர்கன் கைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பதினோரு வயது, கபடி ஆடுகிற பிள்ளை. அவளுக்கா மூச்சு பத்தாது?

திருவிழாக் கடையில் அண்ணன் இருநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தது அது. பத்துத் துளை. கழுவித் துடைத்துவிட்டு நானே வாசித்துப் பார்த்தேன். இருபது வருடமாக வாசிக்கிறேன். எனக்கே இரண்டாம் துளையை உறிஞ்சினால் காற்றுதான் வந்தது, சுரம் வரவில்லை. மூடியைக் கழற்றி, ரீடுகள் (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய உலோக நாக்குகள்) பொருத்திய தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ரீடுக்கும் அது அசையும் பிளவுக்கும் நடுவே மயிரிழை அளவுதான் வெளிச்சம் தெரிய வேண்டும். இதில் பென்சிலால் கோடு போட்டதுபோல் பளிச்சென்று தெரிந்தது. தகட்டைப் பிடித்திருந்த ஆணிகளும் தளர்ந்து, அந்த வழியாகவும் காற்று ஒழுகியிருக்கிறது.

"முதல்ல மலிவா ஒண்ணு வாங்குவோம், பிடிச்சா அப்புறம் நல்லதா வாங்கலாம்" என்பது எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு. மற்ற வாத்தியங்களுக்கு அது ஓரளவு சரி. சுமாரான கிட்டார் என்றால், தெரிந்தவர் ஒருவர் வாங்கி மீட்டிப் பார்த்துக் கம்பி உயரமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்துகிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். மவுத் ஆர்கனில் எல்லாம் வாய்க்குள்ளேதான். சொல்லித் தருகிறவராலும் அதைப் பார்க்க முடியாது. ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் வாங்கி வாசித்துப் பார்க்கவும் தயங்குவோம். நம் மூச்சுக்கு அந்தக் கருவி என்ன பதில் சொல்கிறதோ அதுதான் பாடம். பதிலே தப்பாக வந்தால், குறை தன்னிடமா கருவியிடமா என்று பழகுகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும்.

இரண்டாம் துளை நல்ல கருவியிலும் ஆரம்பத்தில் மக்கர் பண்ணும், அது உண்மை. வாயைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து மெதுவாக இழுத்துப் பழகப் பழகத்தான் திறக்கும். ஆனால் திறக்கக்கூடிய கருவி கையில் இருக்க வேண்டும் இல்லையா? சி சுருதிப் பத்துத் துளையில் கீழ் ஸ்தாயியில் மத்தியமமும் தைவதமும் நேராகக் கிடையாது. இரண்டாம், மூன்றாம் துளைகளை உறிஞ்சி, சுரத்தை வளைத்துத்தான், அதாவது வாய்க்குள் நாக்கின் நிலையை மாற்றிக் கீழே இறக்கித்தான் எடுக்க வேண்டும். காற்று ஒழுகும் கருவியில் அதற்குப் படுகிற பாடு சொல்லி மாளாது.

அதற்காகப் பத்தாயிரம் செலவழிக்கச் சொல்லவில்லை. ஹோனர் ஸ்பெஷல் 20 போன்ற ஒன்று போதும். 1857-இல் ஜெர்மனியின் டிராசிங்கனில் தொடங்கிய நிறுவனம் அது. இந்தக் கருவியில் தகடுகளுக்கு நடுவே இருக்கும் துளைச் சட்டம் பிளாஸ்டிக் என்பதால் எச்சிலில் ஊறாது. 1896-இல் வந்த அவர்களுடைய மெரைன் பேண்ட் எனக்கு உயிர். ஆனாலும் அந்தப் பழைய வகையின் மரச்சட்டம் ஈரத்தில் உப்பி உதட்டை உரசும், புதியவர்களுக்கு வேண்டாம். நாலாயிரம் அளவுக்குக் கட்டுப்படியாகாது என்றால் சீனாவின் ஈஸ்ட்டாப் அதைவிடக் குறைவாகக் கிடைக்கும், நன்றாகவே பேசும். பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பெரிய நிறுவனங்களும் பொம்மை விலையில் சில வகைகளை விற்கின்றன.

"நாலாயிரம் போட்டு வாங்கி, பாதியில விட்டுட்டா?" என்று அண்ணன் கேட்டார். விடட்டும் அண்ணா என்றேன். பிடிக்கவில்லை என்று விட்டால் எனக்கு வருத்தமே இல்லை. தனக்கு மூச்சு இல்லை என்று நம்பிக்கொண்டு விடக் கூடாது, அவ்வளவுதான்.

புதியது வந்து ஒரு மாதம் ஆகிறது. நாலாம் துளையில் தொடங்கி ஏழு வரை சரிகமபதநிச தடங்கலில்லாமல் வருகிறது. நேற்று போனில், "ரெண்டு வந்துடுச்சு அத்தை, மூணுதான் இன்னும் வளைய மாட்டேங்குது" என்றாள். தொண்டையை இறுக்காதே, அதுவும் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.