பேட்டரி வயரைக் கழற்றி சார்ஜிங் பார்க்கலாமா?

பைக்கில் பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, "இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றுங்கள், வண்டி நிற்காவிட்டால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது சரியல்ல.

பழைய கிக்கர் வண்டிகள் பலவற்றில் ஸ்பார்க்குக்கான கரன்ட், இன்ஜின் சுழற்சியில் கரன்ட் தயாரிக்கும் மேக்னட்டோவில் உள்ள தனிக் காயிலிலிருந்து (கம்பிச் சுருள்) நேராக, ஸ்பார்க்கைத் தூண்டும் சிடிஐ பெட்டிக்குப் போகிறது. பேட்டரிக்கான சார்ஜிங் காயில் கருகிப்போயிருந்தாலும் அந்த வண்டி அது பாட்டுக்கு ஓடும்; அதனால் வண்டி நிற்காததை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியிலோ இது ஆபத்து. பேட்டரி விலகியதும் வோல்ட்டேஜ் திடீரென எகிறி இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்ட்டேஜை அளவோடு வைக்கும் பாகம்), பல்பு எதையும் பதம்பார்க்கலாம். இசியு விலையை ஒருமுறை விசாரித்தவர் அந்த வயரைத் தொடவே மாட்டார்!

சார்ஜிங் பார்க்க, வோல்ட்டேஜ் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது, நல்ல சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி 12.5க்கு மேல் காட்டும். அப்புறம் ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை 4000 ஆர்பிஎம் வாக்கில் பிடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வரை ஏறும். ஐடிலில் சற்றுக் குறைந்தால் கவலை வேண்டாம். ஆக்சிலரேட்டர் கொடுத்தும் ஏறாவிட்டால் சார்ஜிங் காயில், ரெகுலேட்டர், கப்ளர் (வயர்களை இணைக்கும் சொருகி) மூன்றையும் பார்க்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் மீதுதான் முதல் சந்தேகம். பேட்டரி டெர்மினலில் (வயர் மாட்டும் முனை) வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அளப்பதற்கு முன் வண்டியை அணைத்துவிட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்துவிடுங்கள்.