பொம்மைய விட டோக்கன் பெருசா இருக்கு
டேபிள் மேல குட்டி சிப்பாய் பொம்மைங்கள வச்சு ஆடுற போர் விளையாட்டுல, 28 மிமீ பொம்மைக்கு கண்ணு முழி வரைக்கும் பெயின்ட் அடிச்சு, அது நிக்கிற பேஸ்ல புல்லு ஒட்டி, டேபிள் முழுக்க காடு மேடுன்னு அலங்கரிச்சுட்டு, ஆட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே பக்கத்துல பளபளன்னு பச்சை அக்ரிலிக் வில்லைய, அதான் பொம்மையோட நிலைமைய காட்டுற டோக்கன, வைக்கிறாங்க பாருங்க, வயித்தெரிச்சலா இருக்கு. சரி, இந்த மாதிரி அடையாள மார்க்கரே வேணாம்னு சொல்லல. ரெண்டாம் உலகப்போர் ஆட்டமான போல்ட் ஆக்‌ஷன்ல எதிரி சுட்டு மிரண்டு போன குழுவுக்கு வைக்கிற 'பின்' ஒன்னொன்னுக்கும் அதோட மொரால், அதாவது மனதைரியம், 1 குறையும், எத்தனைன்னு தெரிஞ்சே ஆகணும். அதுக்காக டைஸையா வைப்பாங்க? எவனாவது அவசரத்துல அதையே எடுத்து உருட்டிடுவான், அப்புறம் 3ஆ 4ஆன்னு பஞ்சாயத்து. சிவப்புன்னா அடிபட்டவன் பச்சைன்னா ஆர்டர் முடிச்சவன்னு வைக்கிறது அதவிட மோசம், அந்த ரெண்டு கலரும் பிரிச்சு தெரியாதவங்க எத்தனையோ பேர் ஆடுறாங்க, வடிவத்த மாத்தித் தொலைச்சா என்ன?

நாமளே செஞ்சுக்கலாம்னா, இரும்பு வாஷர் மேல பஞ்ச ஒட்டி கறுப்பு தடவினா புகை மாதிரி அம்சமா வருது, செலவும் இல்ல (கை பூரா பசை, அது வேற). ஆனா புகைய பாத்து எத்தனை பின்னுன்னு எப்படி எண்றது! நம்பர் டயல பேஸ்லயே பதிச்சா அழகு கெடாது, எதிர்ல நிக்கிறவர்தான் ஒவ்வொரு டர்னும் குனிஞ்சு குனிஞ்சு "எவ்ளோ இருக்கு, எவ்ளோ இருக்கு"ன்னு கேட்டு உயிர வாங்குறாரு.