பூங்கொத்து மனச்சோர்வைக் குணப்படுத்துமா?
பூங்கொத்து பெற்றால் மனச்சோர்வு நோய் குணமாகும் என்று அமெரிக்க ஆய்வொன்று நிரூபித்ததாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு என்றால், அது நோய்க்கான சிகிச்சையைச் சோதித்த ஆய்வு அல்ல. பூங்கொத்து, பழக்கூடை, மெழுகுவர்த்தி ஆகியவற்றுள் ஒன்றைப் பெற்ற பெண்களிடம், கண்ணோரம் சுருங்கும் உண்மையான புன்னகை தோன்றுகிறதா என்று கவனித்து, மூன்று நாள் கழித்து மனநிலையையும் கேட்டறிந்தார்கள். பூப் பெற்ற அனைவருமே அப்படிப் புன்னகைத்தனர். மும்பையின் மாட்டுங்காவில் வாங்கிச் செல்லும் ஒரு முழம் மல்லிகை என் வீட்டிலும் அதைச் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மகிழ்ச்சி வேறு, சிகிச்சை வேறு. 'எவல்யூஷனரி சைக்காலஜி' ஆய்விதழின் தளத்தில் அந்த ஆய்வுக் கட்டுரையைக் கட்டணமின்றிப் படிக்கலாம். யாரிடம், எதை அளந்தார்கள் என்ற பகுதியைப் பார்த்தாலே போதும்.