நாற்பது வயது 1500 ரேட்டிங்காரருக்கு ஓர் அணி

ஜெர்மனியின் தேசிய செஸ் லீக்கான புண்டஸ்லிகா என்றால் நம்மாட்களுக்கு ஆனந்த் பாடன்-பாடன் அணிக்கு ஆடியது நினைவுக்கு வரும். அதோடு சரி. எனக்கென்னவோ அந்த லீக்கின் உச்சியைவிட அடிவாரம்தான் சுவாரசியமாகப் படுகிறது.

1980-ல் நாடு முழுவதற்கும் ஒரே பிரிவாகத் தொடங்கிய லீக் அது. 16 அணிகள், ஒரு மோதலுக்கு எட்டு போர்டு, அதாவது அணிக்கு எட்டுப் பேர். அதன் கீழே இரண்டாம் புண்டஸ்லிகா, அப்புறம் ஓபர்லிகா, மாநில லீக், வட்டார லீக் என்று இறங்கி, கடைசியில் பக்கத்து ஊர்க்காரர்கள் மோதும் கிரைஸ்லிகாவில் வந்து நிற்கும். ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. ஒரே கிளப்புக்கு முதல் அணி, இரண்டாம் அணி, நான்காம் அணி என்று வெவ்வேறு படிகளில் அணிகள் இருக்கும். முதல் அணியில் கிராண்ட்மாஸ்டர் ஆடுவார். நான்காம் அணியில் ஓய்வுபெற்ற தபால்காரரும் எட்டாம் வகுப்புப் பையனும் பக்கத்துப் பக்கத்து போர்டில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருமே அந்த கிளப்பின் உறுப்பினர்கள்.

அணி ஆட்டத்தில் இருக்கும் ருசி தனி. ஆடுவோர் வரிசையை சீசன் தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். எதிரணியின் பலமான ஆளுக்கு நம் பலவீனமான ஆளைப் பலிகொடுக்கும் தந்திரமெல்லாம் செல்லாது. ஓர் ஆட்டம் ஜெயித்தால் ஒரு புள்ளி, டிராவுக்கு அரை. எட்டில் நாலரை எடுத்தால் அணிக்கு வெற்றி. நம் ஆட்டம் லேசாகச் சாதகமாக இருக்கும்போது எதிராளி டிரா கேட்கிறார் என்று வையுங்கள். கேப்டனிடம் போய் “ஒத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்கலாம். அவரும் போர்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், மற்ற ஆட்டங்களின் நிலவரத்தை மட்டும் பார்த்து “எடுத்துக்கோ” என்றோ “ஆடு” என்றோ சொல்லலாம். தனிநபர் போட்டியில் எங்கே கிடைக்கும் இந்தப் படபடப்பு?

உச்சியில் குறையில்லாமல் இல்லை. பணமுள்ள கிளப் வெளிநாட்டு கிராண்ட்மாஸ்டர்களை வார இறுதிக்கு மட்டும் வரவழைக்கிறது. பாடன்-பாடன் 2006 முதல் 2015 வரை தொடர்ந்து பத்து முறை பட்டம் வென்றது. 1868-ல் தொடங்கிய சோலிங்கன் கிளப் 2016-ல் அதை முறித்தபோது பலருக்கும் அப்பாடா என்றிருந்திருக்கும். புரவலர் கைவிட்டால் மேல்மட்ட அணி தள்ளாடிவிடும். ஆனால் கிரைஸ்லிகாவுக்குப் புரவலரே வேண்டாம். சந்தாவும் ஒரு ஹாலும் போதும்.

இங்கே நம்மிடம் இல்லாதது இந்த அடிவார கிளப் லீக்தான். அகாடமி தெருவுக்குத் தெரு இருக்கிறது. வார இறுதிப் போட்டிகளும் ஏராளம். உள்ளே பிள்ளைகள், வெளியே வெயிலில் பெற்றோர். பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் பாதிப் பேர் போர்டை மூட்டை கட்டிவிடுகிறார்கள். அப்புறம் நாற்பது வயதில், 1500 ரேட்டிங் (ஆட்டத் திறனை அளக்கும் புள்ளி; 1500 என்றால் சுமாரான ஆட்டக்காரர்) உள்ளவர் ஆசை வந்து திரும்பினால், ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு ஓபன் போட்டியில் மோதி அடிவாங்குவதுதான் வழி. சென்னை சோவியத் கலாசார மையத்தில், இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மேனுவல் ஆரோன் நடத்திய டால் செஸ் கிளப்பில்தானே சிறுவன் ஆனந்த் பெரியவர்களோடு பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் அதிவேக ஆட்டம்) ஆடி வளர்ந்தார்? வயது வித்தியாசமில்லாமல் கூடி ஆடும் அப்படி ஓர் இடம் இன்று எத்தனை ஊரில் இருக்கிறது? 2023-ல் வந்த குளோபல் செஸ் லீக் நட்சத்திரங்களுக்கானது. உங்கள் ஊர் கிளப் ஏறிப்போக அதில் ஏணியே கிடையாது.

நம் ஊர்களில் அப்படி ஒரு லீக் தொடங்க எட்டு போர்டெல்லாம் வேண்டாம், நான்கு போதும். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு பள்ளி வகுப்பறை, ஒரு நடுவர். ஒரு முறை ஈரோட்டுக்காரர்கள் திருப்பூர் போகட்டும், அடுத்த முறை திருப்பூர்க்காரர்கள் ஈரோடு வரட்டும். மாவட்டச் சங்கங்கள் நினைத்தால் அடுத்த பள்ளி விடுமுறைக்குள் தொடங்கிவிடலாம். நான்காவது போர்டில் உட்கார நான் தயார். மீதி மூன்று பேர் யார்?